கூட்டாகச் செய்த திட்டம் பற்றிய நூல்: என்சி போடலாமா, கூடாதா?

மைக்கூடு:
நம் கலைச்சொல் விக்கி வளர்ந்த கதை நூலாகிறது. எட்டு இயல்கள், 14 பேர் எழுதியது, உரிமம் மட்டும்தான் பாக்கி. நான் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) என்ற திறந்த உரிமங்களில் ஒன்றான சிசி பை-என்சி-எஸ்ஏ போடலாம் என்கிறேன். அதாவது பெயரைச் சொல்லிப் பகிரலாம், திருத்தலாம் (பை), திருத்தியதை அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் (எஸ்ஏ), ஆனால் காசு பார்க்கக் கூடாது (என்சி). வருடக்கணக்கில் தூக்கம் கெட்டுச் செய்த வேலையை எவனோ அட்டை மாற்றி அச்சடித்து விற்றால் வயிறு எரியாதா?

எறும்பு:
எரியும்தான். ஆனால் மூன்றாம் இயலைத் திறந்து பாருங்கள். சர்வருக்கு வழங்கியா சேவையகமா என்று நடந்த சண்டையை விக்கியின் உரையாடல் பக்கத்திலிருந்து எடுத்து, சுருக்கி, நடுநடுவே நம் வாக்கியங்களைச் செருகி இரண்டரைப் பக்கம் ஆக்கியிருக்கிறோம். விக்கியில் இருப்பதெல்லாம் பை-எஸ்ஏ. அதைத் தழுவி எழுதினால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், நம் இஷ்டத்துக்கு ஒரு என்சியை ஒட்ட முடியாது.

மைக்கூடு:
தழுவினால்தானே? சுருக்காமல் அப்படியே போட்டு, கீழே மூலத்தையும் அதன் உரிமத்தையும் குறித்துவிட்டால் அது தொகுப்பு. பக்கத்து இயலுக்கு எஸ்ஏ பாயாது. நானும் உரிமத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் சாமி.

எறும்பு:
சரி, அந்த இடத்தில் உங்கள் பேச்சு நிற்கும். அப்போது அந்த இரண்டரைப் பக்கம் ஒன்பது பக்கம் ஆகும், அதை யார் படிப்பார்கள் என்பது வேறு கதை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. என்சியில் 'வணிகம்' என்றால் என்ன? முதன்மையாக வணிக ஆதாயத்துக்கோ பண ஈட்டுக்கோ செய்வது என்றுதான் உரிமத்தில் இருக்கிறது. பயிற்சி வகுப்பு நடத்துகிறவர் செலவுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு நம் இரண்டாம் இயலை நகலெடுத்துக் கொடுத்தால் அது வணிகமா? பயந்த சுபாவக்காரர் நகலே எடுக்கமாட்டார், விற்கத் துணிந்தவனோ உரிமப் பக்கத்தைப் புரட்டியே பார்க்கமாட்டான். நாம் தடுப்பது யாரை? அதோடு என்சி போட்டால் இந்த நூலின் ஒரு பத்தியைக்கூட நம் விக்கிக்கே திரும்ப எடுத்துப் போட முடியாது. நம் வீட்டுக்கு நாமே பூட்டுப் போட்டுச் சாவியைக் கிணற்றில் எறிகிற வேலை.

கடைசிப்பெஞ்ச்:
குறுக்கே வருகிறேன், ஜிஎஃப்டிஎல் (குனூ கட்டற்ற ஆவண உரிமம்) கையேடுகளுக்காகவே எழுதிய உரிமம்தானே, அதைப் போட்டால் என்ன?

பழையவர்:
தம்பி, அதோடு குடும்பம் நடத்தியவன் நான். நூலோடு உரிமத்தின் முழு உரையும் போக வேண்டும். 100 படிகளுக்கு மேல் அச்சிட்டால் அட்டையில் என்ன வர வேண்டும், திருத்தக்கூடிய மின்படியை எப்படித் தர வேண்டும் என்று தனி விதிகள் உண்டு. ஒரே ஒரு இயலை நகலெடுத்துக் கொடுக்க நினைப்பவரும் உரிமத்தை முழுசாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். விக்கிப்பீடியாவே 2009இல் பை-எஸ்ஏவுக்கு வந்துவிட்டது. அதற்கு வழிவிட 2008 நவம்பரில் ஜிஎஃப்டிஎல்லின் 1.3ஆம் பதிப்பையே வெளியிட்டார்கள்.

மைக்கூடு:
ஐயா, என் கடைசி வாதம் இது. உரிமம் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பப் பெற முடியாது. அதனால் முதலில் இறுக்கமாக வைப்போம், இரண்டு வருடம் கழித்து அவசியப்பட்டால் தளர்த்திக்கொள்வோம். தலைகீழாகச் செய்ய முடியாதே.

பழையவர்:
தளர்த்தப் போவது யார்? 14 பேரிடமும் பதிப்புரிமை இருக்கிறது, 14 பேரும் சம்மதிக்க வேண்டும். பலரும் சேர்ந்து வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012இல் உரிமம் மாறியபோது பங்களித்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார்கள். மறுத்தவர்கள், பதிலே சொல்லாதவர்கள் போட்ட தரவுகளை எடுத்துவிட வேண்டியதாயிற்று, வரைபடத்தில் அங்கங்கே ஓட்டை விழுந்தது. நம் ஐந்தாம் இயலில் பாதியை எழுதியவர் இப்போதே மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதில்லை. இரண்டு வருடம் கழித்து அவரை எங்கே போய்த் தேடுவீர்கள்?

அட்டை மாற்றி விற்பவன் விஷயத்துக்கு வருகிறேன். பை-எஸ்ஏவிலும் அவன் நம் பெயரையும் உரிமத்தையும் குறித்தே ஆக வேண்டும், நாம் ஆமோதித்த மாதிரி காட்டிக்கொள்ள முடியாது. நம் சின்னம் உரிமத்துக்குள் வராது. அவன் மாற்றி எழுதியது பிடிக்காவிட்டால் பெயரை நீக்கச் சொல்லலாம். விற்றால் விற்கட்டும், நம் மின்படி இலவசமாகக் கிடைக்கும்போது எத்தனை பேர் அவனிடம் போவார்கள்?

மைக்கூடு:
போவார்கள் ஐயா, தேடுபொறியில் அவனுடையது முதலில் வந்தால் போவார்கள். அதை யாரும் கண்டுகொள்ள மறுக்கிறீர்கள். ஆனால் ஐந்தாம் இயல் விஷயம் எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பை-எஸ்ஏ 4.0 என்றே வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஒரே நிபந்தனை, இலவச மின்படி கிடைக்கும் முகவரியை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும்.

எறும்பு:
போட்டுவிடலாம். அவன் அதைக் கிழித்துவிட்டு அச்சடிப்பான் என்பீர்கள், அதனால் ஒவ்வொரு இயலின் அடியிலும் போடுகிறேன். 14 பேருக்கும் சம்மதம் கேட்டு இன்றிரவே எழுதுகிறேன். ஐந்தாம் இயல்காரரின் தொலைபேசி எண் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள்.