மறு: பிற்போக்கு விந்து வெளியேற்றம் – வேறு சொல் வேண்டும்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

'பிற்போக்கு விந்து வெளியேற்றம்' (retrograde ejaculation) என்று புழக்கத்தில் இருக்கும் சொல்லை ஏன் கலைக்க வேண்டும் என்று நேற்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். குன்னூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காரணம் எனக்குப் போன மாதம் நேரிலேயே கிடைத்தது.

தேயிலை எஸ்டேட்காரர், நாற்பதை ஒட்டிய வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. உச்சம் வருகிறது, விந்து மட்டும் வருவதில்லை. கையில் மருத்துவர் கொடுத்த சீட்டு, அதில் அச்சடித்த தமிழில் இந்தச் சொல். "பிற்போக்குன்னா, மேடையில கட்சிக்காரங்க திட்டுவாங்களே, அதுங்களா சார்?" என்றார். அவர் சிரிக்கவில்லை. "வெளியேற்றம்னு வேற போட்டிருக்கு. வெளியே வராததுதானுங்களே என் பிரச்சினை?"

இரண்டு சொல்லும் அங்கேயே விழுந்துவிட்டன.

நடப்பது இவ்வளவுதான். விந்து பாயும் நேரத்தில் சிறுநீர்ப்பையின் கழுத்து இறுக மூட வேண்டும். சர்க்கரையால் நரம்பு பழுதானாலோ, புராஸ்டேட் அறுவையில் அந்தக் கழுத்து அகன்றுபோனாலோ மூடாது. விந்து லேசான வழியைப் பார்த்துப் பைக்குள் போய்விடும், அப்புறம் சிறுநீரோடு கலங்கலாக இறங்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. பிள்ளை வேண்டும் என்பவருக்குத்தான் சிக்கல்.

உச்சத்துக்குப் பின் அவர் கழித்த சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கியதில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்தேன். இந்தக் குளிரில் மூச்சுப் பட்டு நுண்ணோக்கிக் கண்ணாடி மங்கிவிடும். துடைத்துவிட்டுப் பார்த்தால் வாலோடு அணுக்கள், ஏராளம். பெரும்பாலும் அசைவில்லை, சிறுநீரின் அமிலத்தை அவை தாங்காது. அதனால்தான் கருத்தரிப்புக்காக எடுக்கும்போது முன்கூட்டியே சோடா உப்பு கொடுத்து அமிலத்தைக் குறைக்கிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். மாற்றாக 'உள்வாங்கல்' என்றால் அழகுதான், கடல் உள்வாங்குகிற மாதிரி. ஆனால் உடம்பு உறிஞ்சிக்கொண்டது என்று படிப்பார்கள். 'பின்னோட்டம்' என்றால் பாதிப் பேர் 'பின்னூட்டம்' என்று திருத்திவிடுவார்கள், நம் குழுமத்திலேயே.

கோவை நண்பர் சொன்ன 'மடைமாற்றம்' எனக்குப் பாதி சம்மதம். நிதியை மடைமாற்றினார்கள் என்று செய்தித்தாளில் வந்தாலே யாரோ வேண்டுமென்று செய்த வாடை அடிக்கிறது. நோயாளி மேல் அந்தப் பழி வேண்டாம். தன்வினையாக 'மடைமாறல்' என்றால் தானாக நடந்தது என்று ஆகிவிடும். சிகிச்சையும் அதற்குள் அடங்குகிறது: நரம்புப் பழுதுக்கு இமிப்ரமின், சூடோஎபிட்ரின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அந்த மடையை இறுக்கிக் கொடுக்கும். அறுவையில் தசையே போயிருந்தால் பெரும்பாலும் பலிக்காது.

மலையில் மடை ஏது என்று யாராவது மடக்குவீர்கள். உண்மைதான், கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டுக்கு ஹோஸ்தான். இருந்தும் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாய்க்கால் மாறிப் போகுது, அவ்வளவுதானுங்களா? அப்ப எனக்கு உள்ளே ஊறுதுங்களா?" என்றார். விந்தே ஊறவில்லையோ என்றுதான் அத்தனை நாளும் அவர் பயந்திருக்கிறார்.

மற்றவற்றைச் சுருக்கமாக. 'விந்து முந்துதல்' நல்ல சொல், தொட வேண்டாம். 2014இல் பாலியல் மருத்துவத்துக்கான பன்னாட்டுச் சங்கம் தந்த வரையறை, தொடக்கம் முதலே இருப்பதற்கு, உறவு தொடங்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் என்கிறது; அதில் 'ஆண்மைக் குறைவு' என்ற பேச்சே இல்லை. 'துரித ஸ்கலிதம்' லாட்ஜ் வைத்தியர்களின் சுவரொட்டியிலேயே இருக்கட்டும். தாமதத்துக்கு 'விந்து பிந்துதல்', ஜோடியாக அமைகிறது. மனச்சோர்வு மாத்திரைகள் சில இப்படிப் பிந்த வைக்கும். அந்தக் குணத்தையே முந்துதலுக்கு மருந்தாக்கியிருக்கிறார்கள். வெளியே விந்தும் வரவில்லை, சிறுநீரிலும் அணு இல்லை என்றால் அது 'விந்து வராமை'. அதை மடைமாறலோடு குழப்பக் கூடாது, வைத்தியம் வேறு.

ஒன்று மட்டும் தீரவில்லை. 'விந்து மடைமாறல்' என்று பிரிப்பதா, சேர்த்தே எழுதுவதா? எங்கள் சீட்டில் அந்தக் கட்டம் ரொம்பச் சின்னது.