ஆண்டின் நடுவில் வேலை மாறினால் படிவம் 12பிபி மட்டும் போதுமா?

அஸ்தம்பட்டி வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த 2025 செப்டம்பர் முடிய பெங்களூரில் மாதம் 1,20,000 ரூபாய்ச் சம்பளத்தில் பணியாற்றிய நான், பெற்றோருக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காக அக்டோபர் 1 முதல் சேலத்தில் ஒரு நிறுவனத்தில் 1,05,000 ரூபாய்க்குச் சேர்ந்திருக்கிறேன். இப்போது டிசம்பர் தொடங்கியதும் அலுவலகத்தில் படிவம் 12பிபியை (வாடகை, சேமிப்பு போன்ற வரிக் கழிவுகளை நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் தாள்) கொடுத்து, இம்மாதச் சம்பளம் போடுவதற்குள் நிரப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அஸ்தம்பட்டியில் மாதம் 12,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கிறேன். பெங்களூரில் 18,000 ரூபாய் கொடுத்து வந்தேன். இங்குள்ள வீட்டுக்காரர் வயதானவர், பான் எண்ணைத் தரத் தயங்குகிறார். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடலாமா? பணியில் சேரும்போது புதிய வரி முறையே போதும் என்று எழுதிக் கொடுத்தது நினைவிருக்கிறது. அக்டோபர், நவம்பர் சம்பளச் சீட்டுகளில் வரிப் பிடித்தம் பூஜ்யம் என்று இருப்பதால், அந்த வகையில் கவலை இல்லை என்றே நினைக்கிறேன்.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு அலுவலர்:

தம்பி, நீங்கள் கவலைப்படும் கட்டம் உங்களுக்குத் தேவையே இல்லாதது. கவலை இல்லை என்று நினைக்கும் பூஜ்யத்தில்தான் சிக்கல் இருக்கிறது.

புதிய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு கிடையாது. 80சி (சேமிப்பு, முதலீடு), 80டி (மருத்துவக் காப்பீடு) கழிவுகளும் கிடையாது. ஆகவே வீட்டுக்காரரை நீங்கள் வற்புறுத்த வேண்டியதில்லை. பழைய முறையைத் தேர்ந்தெடுப்பதாயிருந்தால், ஆண்டில் கொடுத்த மொத்த வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது பான் எண்ணைக் கட்டாயம் எழுத வேண்டும். உங்கள் மொத்தம் 1,80,000 என்பதால், சேலம் வாடகை மட்டும் 72,000தான் என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி முக்கியமான விஷயம். சேலம் நிறுவனத்துக்கு உங்கள் பெங்களூர்ச் சம்பளம் தெரியாது. அவர்கள் கணக்கில் இந்த ஆண்டு உங்கள் வருமானம் ஆறு மாதத்துக்கு 6,30,000 மட்டுமே. நிலையான கழிவு 75,000 போக 5,55,000. புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடியால் வரி இல்லை என்பதால் பூஜ்யம் வந்திருக்கிறது. ஆனால் வருமான வரித் துறைக்கு நீங்கள் ஒரே ஆள். இரண்டு சம்பளமும் சேர்ந்தால் 13,50,000. கழிவு போக 12,75,000. 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் அந்தத் தள்ளுபடி கிடையாது. இதற்கு 2025-26 நிதியாண்டு விகிதப்படி வரி 71,250, செஸ் என்னும் கூடுதல் வரி 4 சதவீதம் சேர்த்து 74,100 ரூபாய். பெங்களூர் நிறுவனம் முழு ஆண்டுக்கும் 14,40,000 என்று மதிப்பிட்டு மாதம் 7,345 வீதம் பிடித்திருந்தால், ஆறு மாதத்தில் 44,070 செலுத்தப்பட்டிருக்கும். மீதி 30,030 ரூபாயை யாரும் பிடிக்கவில்லை.

இதைச் சரிசெய்யும் தாள் படிவம் 12பி. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் இதையும் 12பிபியையும் ஒன்றென்றே எண்ணிவிடுகிறார்கள். முந்தைய நிறுவனத்தின் பெயர், முகவரி, பான் எண், டான் எண் (வரி பிடிக்கும் நிறுவனத்துக்குரிய எண்), பணியாற்றிய காலம், பெற்ற சம்பளம், பிடித்த வருங்கால வைப்பு நிதி, பிடித்த வரி ஆகியவற்றை அதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். 1961 வருமான வரிச் சட்டத்தின் 192(2) பிரிவின்படி நீங்கள் இதைக் கொடுத்தால் புதிய நிறுவனம் கணக்கில் எடுத்துக்கொண்டே தீர வேண்டும். கொடுக்காவிட்டால் அவர்கள் மீது குறை சொல்ல இயலாது. இப்போதே கொடுத்தால் டிசம்பர் முதல் மார்ச் வரை மாதம் சுமார் 7,500 ரூபாயாகப் பிரித்துப் பிடிப்பார்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்ட அலுவலகம் ஒன்றில் சம்பளக் கணக்கு பார்ப்பவர்:

ஐயா சொன்ன அத்தனையும் சரி. சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை மாறியபோது 12பி என்று ஒன்று இருப்பதை எனக்கு எவரும் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் எனக்கு அடிப்படை விலக்கு வரம்பையும் 80சி கழிவையும் தனித்தனியே கொடுத்துவிட்டார்கள். ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோதுதான், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த தொகையிலிருந்து வரியும் அதற்கு வட்டியும் கட்ட நேர்ந்தது. அன்று பட்ட மனவேதனையால்தான், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே இதைக் கேட்டு வாங்கிவிடுகிறேன்.

வட்டி என்றேன் அல்லவா? பிடித்தது போக மீதி வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் முன்கூட்டிய வரி செலுத்தும் பொறுப்பு நம்முடையதாகிவிடுகிறது. தவறினால் 234பி, 234சி பிரிவுகளின்படி மாதம் 1 சதவீத வட்டி ஏறும்.

பழைய நிறுவனத்தின் படிவம் 16 (சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் நிறுவனம் தரும் சான்றிதழ்) வரும்வரை காத்திருக்க வேண்டாம், அது ஜூன் மாதத்தில்தான் வரும். சம்பளச் சீட்டுகளையும் அவர்கள் கொடுத்த வரிக் கணக்கீட்டுத் தாளையும் வைத்தே 12பியை நிரப்பலாம். எழுதும் முன் வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் செலுத்தப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரைக்குமான பிடித்தக் கணக்கை நிறுவனங்கள் அக்டோபர் 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், 44,070 ரூபாயும் உங்கள் பான் எண்ணில் வந்து சேர்ந்ததா என்று இப்போதே தெரிந்துவிடும்.

அஸ்தம்பட்டி வாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 26ஏஎஸ் பார்த்துவிட்டேன், 44,070 சரியாக இருக்கிறது. இரண்டு ஐயங்கள் மட்டும். பழைய வரி முறைக்கு மாறினால் எனக்கு நன்மை உண்டா? வங்கி வைப்புத் தொகையிலிருந்து ஆண்டுக்கு 24,000 ரூபாய் வட்டி வருகிறது, வங்கி அதற்கு வரி பிடிக்கவில்லை. அதையும் அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா?

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு அலுவலர்:

உங்கள் வருமானத்துக்குப் பழைய முறையில் இதே வரி வர வேண்டுமானால், நிலையான கழிவு 50,000 உட்பட 5,56,250 ரூபாய்க்குக் கழிவுகள் இருக்க வேண்டும். 80சி முழுதாக 1,50,000 வைத்தாலும், உங்கள் வாடகையைக் கொண்டு அந்த அளவை எட்ட வழியில்லை. பெங்களூருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை வாடகை விலக்கு உண்டு என்று சிலர் சொல்லக்கூடும். இந்த 2025-26 நிதியாண்டில் அது சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய நான்குக்கு மட்டுமே. பெங்களூருக்கும் சேலத்துக்கும் உச்சவரம்பு 40 சதவீதம்தான்.

வட்டியைச் சொல்வது கட்டாயமில்லை, ஆனால் 192(2பி) பிரிவின்படி சொல்லலாம். படிவம் 12பிஏஏ அதற்கென்றே இருக்கிறது. சொன்னால் 3,744 ரூபாய் கூடுதலாகப் பிடிப்பார்கள், மாதப் பிடித்தம் சுமார் 8,440 ஆகும். சொல்லாவிட்டால் கணக்குத் தாக்கலின்போது நீங்களே கட்ட வேண்டியிருக்கும். நான் சொல்லிவிடுங்கள் என்பேன்.

12பியைக் கொடுத்ததும் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள். ஜூனில் சேலம் நிறுவனத்தின் படிவம் 16 கைக்கு வந்ததும், அதன் பி பகுதியில் வேறு நிறுவனத்திடமிருந்து பெற்றதாகத் தெரிவித்த சம்பளம் என்ற வரியில் 7,20,000 இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமையாக இருந்தால் கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன்பே அலுவலகத்தில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.