புதுப்பிப்பு: எம்4 ஏர்சாஃப்ட், பிளாஸ்டிக்கா மெட்டலா?

என் எம்4 ஏர்சாஃப்ட்டுக்கு (6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு சுடுற விளையாட்டுத் துப்பாக்கி) பிளாஸ்டிக் பாகம் எல்லாத்தையும் மெட்டலா மாத்தணுமான்னு போன மாசம் கேட்டிருந்தேனே, பாதிப்பேர் "மாத்திடுங்க"ன்னீங்க. பாதிதான் கேட்டேன், மன்னிக்கணும்.

பல்சக்கர அச்சைத் தாங்குற வளையம், அதான் பிளாஸ்டிக் புஷிங், அதை எடுத்துட்டு ஸ்டீல் போட்டாச்சு. கழட்டிப் பார்த்தா, பழசுல ஒரு ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ஞ்சிருந்துச்சு. பல்சக்கரம் ஆடினது அதனாலதான். திரும்ப மாட்டுறப்போ ஷிம் (இடைவெளியைச் சரிபண்ணப் போடுற மெல்லிய வாஷர்) கணக்கு தப்பி கிறீச்சுன்னு கத்துச்சு, மறுபடி கழட்டினேன்.

குண்டைத் தள்ளக் காத்தை அழுத்துற பிஸ்டனைத் தொடலை. உடம்பு பாலிகார்பனேட், பல் மட்டும் ஸ்டீல். முழு மெட்டல்னா கனம், ஒவ்வொரு சுடுதலுக்கும் கியர்பாக்ஸ் முன்பக்கத்துல ஓங்கி இடிக்கும். வெர்ஷன் 2 வகை கியர்பாக்ஸ் கூடு விரிசல் விடறதே அங்கதான். ஏதாவது சிக்கினா பிஸ்டன் போகட்டும், அதுதான் மலிவு.

துப்பாக்கியோட வெளிக்கூடு நைலானாவே இருக்கட்டும். மெட்டல் அழகுதான், ஆனா நாள் முழுக்கத் தூக்கிட்டு ஓடப் போறது நானாச்சே.