சொந்த ஊரின் மக்கள்தொகைக் கணக்கைப் படிக்கும்போது எங்கே தவறுகிறது? வடசென்னை நண்பர்களின் அனுபவப் பகிர்வு

திருவொற்றியூரிலிருந்து:
முதலில் சறுக்குவது பெயரில்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்ப் பட்டியலில் இருப்பது வருவாய் கிராமம். குப்பத்துக்கும் காலனிக்கும் தனி வரி கிடையாது. நில ஆவணமான சிட்டாவில் உள்ள கிராமப் பெயரை வைத்துத் தேடுங்க. இடையஞ்சாவடி, சடையங்குப்பம் மாதிரி நம்ம பக்கத்து ஊர்களைச் சென்னையில் தேடினால் கிடைக்காது. அவை மாநகராட்சியில் சேர்ந்தது 2011 அக்டோபரில். கணக்கெடுப்பு பிப்ரவரியிலேயே நடந்துவிட்டது. திருவள்ளூர் மாவட்டப் பட்டியலைத் திறக்கணும்.

வியாசர்பாடியிலிருந்து:
எழுத்தறிவு விகிதத்தை மொத்த மக்கள்தொகையால் வகுக்காதீங்க. 0–6 வயதுக் குழந்தைகளைக் கழித்துவிட்டுத்தான் வகுக்கணும். உதாரணத்துக்கு, ஊரில் 1,200 பேர், குழந்தைகள் 150, எழுத்தறிந்தவர் 735 என்றால் விகிதம் 70%. கழிக்காமல் போட்டால் 61 என்று வந்து ஊரையே குறைத்துக் காட்டும். தமிழ்நாட்டின் 80.09% கூட இப்படிக் கழித்து வந்ததுதான். குழந்தைப் பாலின விகிதத்திலும் கவனம் தேவை. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்பதுதான் அது. 50 ஆண் குழந்தைகளுக்கு 45 பெண் குழந்தைகள் என்றால் 900. மூன்று பெண் குழந்தைகள் கூடினால் 960. ஒரு சின்ன ஊரின் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. சுற்றுப்பட்டு ஊர்களையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்க.

எண்ணூரிலிருந்து:
கடலோர ஊர்களுக்கு வேலைக் கட்டங்கள்தான் பெரிய குழப்பம். விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவர் என்று நாலே கட்டம். மீன்பிடிப்பவர் ‘மற்றவர்’ கட்டத்தில் விழுகிறார், அனல்மின் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவரும் அதே கட்டத்தில். ஆக, பழவேற்காடு பக்கம் ஒரு ஊரில் ‘மற்றவர்’ அதிகம் என்றால் அது வலையா, கம்பெனியா என்று பட்டியலை வைத்துச் சொல்லவே முடியாது. 1991 கணக்கெடுப்பில் மீன்பிடி, கால்நடை, காட்டு வேலை எல்லாம் சேர்ந்து தனிப்பிரிவாக இருந்தது, அதை ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும்.

சமூக விவரம் இன்னும் நுணுக்கம். பட்டியல் சாதி, பழங்குடி என்ற இரண்டு கட்டம் மட்டுமே உண்டு. மீனவச் சமூகமான பட்டினவர் எத்தனை பேர், வன்னியர் எத்தனை பேர் என்று அதில் தேடிப் பயனில்லை. கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித் குடும்பங்கள் பட்டியல் சாதிக் கட்டத்தில் வரமாட்டார்கள். சட்டப்படி பட்டியல் சாதியில் வருவது இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டும்தான். சேரி பெரிதாக இருக்கும், எண் சிறிதாக இருக்கும். பழங்குடிக் கட்டத்துக்கு மதத் தடை இல்லை. ஆனால் இருளர் என்ற பழங்குடியினர் வாழும் ஊர்களில் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீங்க, அங்கே வேறு சிக்கல்.

திருவொற்றியூரிலிருந்து:
அது செங்கல் சூளைச் சிக்கல்தானே தோழர்? அதை நானே சொல்லிடறேன். 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த நாட்கள் முழுக்க வெளியூரில் இருந்தவரைச் சொந்த ஊரில் எண்ணமாட்டார்கள், இருந்த இடத்தில்தான் எண்ணுவார்கள். அது சூளை வேலை நடக்கிற காலம். குடும்பத்தோடு சூளைக்குப் போன இருளர்கள் சூளை இருக்கும் கிராமத்துக் கணக்கில் ஏறியிருப்பார்கள், சொந்த ஊரில் பழங்குடி எண் குறைந்திருக்கும். ஒரு ஊரில் பழங்குடி எண் திடீரென்று தூக்கலாகத் தெரிந்தால், அங்கே சூளை இருக்கிறதா என்று முதலில் விசாரிங்க. அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்போகிறார்கள். அதுவும் 2027 பிப்ரவரியில்தான், அதாவது மறுபடியும் சூளைக் காலத்தில்.