மறு: 'டேம்ப்பர்-எவிடென்ட்' நாட்குறிப்பு: தமிழில் என்ன சொல்லலாம்?

> 'மாற்றவியலா நாட்குறிப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம். 'டேம்ப்பர்-எவிடென்ட்' என்றால், பதிவைப் பின்னால் யாராவது மாற்றினால் அது தெரிந்துவிடும் என்று பொருள்; நம் செயலியில் வரும் அப்படிப்பட்ட நாட்குறிப்புக்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

'மாற்றவியலா' வேண்டாம், அது நடக்காத வாக்குறுதி. இந்த நாட்குறிப்பை யாரும் மாற்றலாம், மாற்றினால் மாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது பிறர் படிக்காமல் இருக்க, அது வேறு வேலை.

எங்கள் தங்கச்சிமடம் பக்கம் ஒரு நாட்டுப்படகுக்காரர் தினமும் போனில் எழுதுகிறார் என்று வையுங்கள்: 'கச்சான் காற்று பலம். நண்டு 12 கிலோ. டீசல் கடன்.' இதோடு முந்தைய நாளின் ஹாஷையும் (பதிவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், கைரேகை மாதிரியான குறி) சேர்த்து எஸ்.எச்.ஏ-256 என்ற கணக்கீட்டு முறையில் கொடுத்தால் 64 எழுத்தில் அன்றைய ஹாஷ் வரும், அது அடுத்த நாள் பதிவுக்குள் போய்விடும்; இப்படி நாள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். பங்குத் தகராறு வரும்போது யாராவது 12-ஐ 21 ஆக்கினால் அன்றைய ஹாஷ் முழுக்க வேறாகி, மறுநாள் பதிவில் இருப்பதோடு ஒத்துப்போகாது.

சரி, போனே கையில் இருப்பவர் அன்றிலிருந்து கடைசிவரை எல்லா ஹாஷையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதிவிட்டால்? சங்கிலி சுத்தமாகத்தான் தெரியும். கடைசிச் சில நாள்களை அப்படியே அழித்தாலும் தெரியாது. அதற்குத்தான் அன்றன்றைய ஹாஷை வெளியே ஒருவரிடம் கொடுத்துவைப்பது, பாம்பனில் இருக்கும் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-இல் இந்தச் சங்கிலி முறையை எழுதினார்கள், 1995 முதல் அப்படிப்பட்ட ஹாஷ் நியூயார்க் டைம்ஸ் விளம்பரப் பக்கத்திலேயே அச்சாகி வந்தது. ஊர் முழுக்கக் கையில் இருக்கும் பேப்பரை யார் போய்த் திருத்துவது?

ஆக, பெயரில் 'காட்டுவது' இருந்தே தீர வேண்டும். இந்த உரையாடலில் முன்பு ஒருவர் சொன்ன 'திருத்தங்காட்டி' கிட்டத்தட்ட சரிதான், ஆனால் திருத்தம் நல்ல காரியம். நேற்று எடையைத் தப்பாக எழுதியிருந்தால் இன்று புதுப் பதிவாகத் திருத்தி எழுதத்தான் வேண்டும், அதற்குச் சங்கிலியில் எந்தத் தடையும் இல்லை. நாம் பிடிக்க நினைப்பது கணக்கைப் புரட்டுவதை. அதனால் 'புரட்டுகாட்டி நாட்குறிப்பு' என்பது என் பரிந்துரை. திசைகாட்டி எல்லாப் படகிலும் தெரிந்த சொல், அதே அமைப்பு.

ஹாஷ் இப்போதைக்கு ஹாஷாகவே இருக்கட்டும், அதற்குத் தனி உரையாடல் இழை தொடங்கலாம். வெளியே கொடுத்துவைக்கும் அந்த ஹாஷுக்கு மட்டும் 'சாட்சிக்குறி' என்று போட்டிருக்கிறேன், அதைவிட நல்லது தோன்றினால் செயலியின் மொழிபெயர்ப்பை ஏற்றுவதற்கு முன் சொல்லுங்கள்.