தைமூர், திமூர், தெமிர்: தமிழில் எதை எழுதுவது?

கேள்வி:
ரஷ்ய, மத்திய ஆசியக் கட்டுரைகளைத் தமிழாக்கும்போது ஒரே பெயர் திமூர், தெமூர், தெய்மூர், தெமிர் என்று மாறி மாறி வருகிறது. 1398இல் தில்லியைச் சூறையாடிய தைமூரின் பெயர்தானே இது? எல்லா இடத்திலும் ‘தைமூர்’ என்றே போடலாமா? ‘யெகோர் திமூரோவிச் கைதார்’ என்பதில் நடுவே இருப்பது என்ன?

பதில் 1:
வேர் ஒன்றுதான், இரும்பு. கசாக்கிலும் கிர்கிஸிலும் இன்றும் இரும்புக்குத் தெமிர் என்றே பெயர், துருக்கியில் டெமிர். அதற்காக எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டாம். ‘தைமூர்’ பாரசீக வழியில் நமக்கு வந்து பாடநூலில் நிலைத்த வடிவம். சமர்கந்து மன்னனோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு, அவரவர் தம் பெயரை எழுதும் வடிவமே சரி. செஸ் வீரர் ரஜபோவ் அஜர்பைஜான்காரர், எனவே தெய்மூர். இயக்குநர் பெக்மம்பேத்தோவ் பிறந்தது கசாக்ஸ்தானில் என்றாலும் அவர் திமூர்தான், தெமிர் அல்ல. ரஷ்யத்தில் அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் ‘மூ’ நெடில் பொருந்தும். தெமிர்லான், தமெர்லான் என்பவை இன்று தனிப் பெயர்கள், அவற்றையும் சுருக்காதீர்கள்.

பதில் 2:
திமூரோவிச் என்றால் திமூரின் மகன். நம் இனிஷியல் செய்யும் வேலையை அங்கே முழுச் சொல்லே செய்கிறது. அதைக் குடும்பப் பெயராக எண்ணி அகரவரிசையில் ‘தி’யில் சேர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை, கைதார் ‘கை’யில் வர வேண்டும். மகளானால் திமூரோவ்னா. ரஷ்ய ஆவணத்தில் ‘தெய்மூரோவிச்’ என்று வரும் அஜர்பைஜான்காரர், அஜர்பைஜான் ஆவணத்தில் ‘தெய்மூர் ஓக்லு’ (தெய்மூரின் மகன்) என்று வருவார். இரண்டு பேர் என்று எண்ணிவிடாதீர்கள்.

பதில் 3:
பெயரை வைத்து இனத்தையோ மதத்தையோ முடிவு செய்யவும் கூடாது. பிஷ்கெக்கில் பிறந்த தளபதி ஃப்ரூன்சே 1923இலும், எழுத்தாளர் அர்காதி கைதார் 1926இலும் பிறந்த தம் மகன்களுக்குத் திமூர் என்று பெயரிட்டார்கள். 1940இல் கைதார் எழுதிய கதையில், போர்முனைக்குச் சென்ற வீரர்களின் குடும்பங்களுக்குச் சத்தமில்லாமல் உதவும் சிறுவர் குழுவின் தலைவன் பெயரும் திமூர். பெயர் ரஷ்ய வீடுகளுக்குள் பரவியதில் அந்தக் கதைக்குப் பெரும் பங்கு உண்டு. அதிலிருந்து பிறந்த சொல்தான் ‘திமூரோவ்த்ஸி’. சோவியத் கட்டுரையில் அது வந்தால் ‘தைமூரின் படையினர்’ என்று பெயர்த்துவிடாதீர்கள், பொருளே கவிழ்ந்துவிடும். முதியோருக்கு உதவும் பிள்ளைகள் என்று விரித்து எழுதுங்கள்.

பதில் 4:
முதல் பதிலுக்கு ஒரு விலக்கு. தாஷ்கந்தில் உள்ள சதுக்கம் அதே மன்னன் பெயரில் இருந்தாலும் அது இடப்பெயர். ‘அமீர் தெமூர் சதுக்கம்’ என்றே விடுங்கள். வரைபடத்தில் தேடுபவருக்கு அப்போதுதான் கிடைக்கும்.