கேமராவைத் திறந்தால் படிவம் காணாமல் போகிறது: டேப்லெட்டா, போனா?

பாம்பன் வாசி எழுதியது:

மகளின் கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்துக்கென்றே 10 அங்குலத் திரை கொண்ட டேப்லெட் ஒன்றை வாங்கியிருந்தோம். மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்த மே மாதம் அது. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்ததால் நானும் வீட்டில்தான் இருந்தேன். கடைசி நாள் இரவு 10.30 மணிக்கு, நான்கு பக்கப் படிவத்தில் மூன்று பக்கங்களை நிரப்பி முடித்து, சாதிச் சான்றிதழைப் படமெடுத்து ஏற்றுவதற்காக உலாவியிலேயே 'கேமரா' என்றிருந்ததைத் தொட்டோம். படம் தெளிவாக விழுந்தது. உலாவிக்குத் திரும்பியபோது திரை ஒரு கணம் வெள்ளையாக நின்றது. பிறகு படிவம் முதல் பக்கத்திலிருந்து புதிதாகத் திறந்தது. பெயர்க் கட்டத்தில்கூட ஓர் எழுத்து இல்லை. மகள் ஒன்றும் பேசாமல் மறுபடி தட்டத் தொடங்கினாள். மறுபடி கேமரா, மறுபடி வெறும் படிவம். மூன்றாம் முறை என் மனைவியின் போனில் நிரப்பி 11.56-க்கு அனுப்பினோம். திரையின் ஓரத்தில் கீறல் விழுந்த, நான்கு வருடப் பழைய போன் அது. புதிய டேப்லெட்டால் முடியாதது அதனால் எப்படி முடிந்தது என்பது இன்றுவரை என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

மண்டபம் முகாம்காரர் எழுதியது:

உங்கள் டேப்லெட்டில் ரேம், அதாவது திறந்திருக்கும் செயலிகளைத் தாங்கும் நினைவகம், 3 ஜிபிக்கு மேல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். கேமரா செயலி திறந்தவுடன் நினைவகத்தைப் பெருமளவில் எடுத்துக்கொள்கிறது. இடம் போதாதபோது பின்னணியில் இருப்பவற்றை ஆண்ட்ராய்டு தானாகவே நிறுத்திவிடும். அந்த நேரத்தில் பின்னணிக்குப் போயிருந்தது உங்கள் உலாவிதான். திரும்பி வந்தபோது அது பக்கத்தை மீண்டும் இறக்கியிருக்கிறது. இது வேகத்தின் குறை அன்று, இடத்தின் குறை.

நான் எழுத வந்தது வேறொன்று. சென்ற பொங்கலுக்கு வந்திருந்த மருமகனின் ஐபேடில் சஃபாரி, குரோம் ஆகிய இரண்டு உலாவிகளிலும், உலாவியின் வேகத்தை அளக்கும் ஸ்பீடோமீட்டர் சோதனையை ஓட்டிப் பார்த்தேன். ஆப்பிள், கூகுள், மொசில்லா ஆகியவை சேர்ந்து 2024-இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு அது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்ததைப் பார்த்த மருமகன் நான் ஏதோ தவறாகச் செய்துவிட்டதாகச் சாதித்தான். நம் நாட்டில் விற்கும் ஐபேடில் எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே பக்கத்தை வரைந்து காட்டுவது ஆப்பிளின் வெப்கிட் எந்திரமே என்பதை அவனுக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு என் போனைக் கடற்கரை மணலில் வைத்து நடுப்பகலில் அதே சோதனையை இரண்டு முறை ஓட்டினேன். முதல் முறை 9.1, இரண்டாம் முறை 6.4 (எண் கூடினால் வேகம் கூடுதல்). போன் கையில் பிடிக்க முடியாத அளவுக்குக் கொதித்தது. சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன், ஆனால் இவ்வளவு விரைவாகக் குறையும் என்று எண்ணவில்லை. வெயிலில் வைத்துப் பார்க்காமல் போனை மதிப்பிடுவோரின் எண்களை நம் கரைக்காரர்கள் அப்படியே ஏற்கக் கூடாது.

தங்கச்சிமடம் எழுதியது:

மண்டபத்து அண்ணன் எண்களைச் சொல்கிறார். அந்தச் சோதனை, ஒரு வேலைப் பட்டியலில் பதிவுகளைச் சேர்ப்பது, குறியிடுவது, நீக்குவது போன்றவற்றுக்குப் பக்கம் எவ்வளவு விரைவாக ஈடுகொடுக்கிறது என்பதை அளப்பது. சிக்னல் வழியே பக்கம் இறங்க ஆகும் நேரம் அதில் வராது. எங்களுக்குத் தலைவலியே அந்த இறக்கம்தான்.

அப்பா தென்கடலில் நாட்டுப்படகில் போகிறவர். டேட்டா குறைவாகச் செலவாகட்டும் என்று, பக்கத்தைத் தன் சர்வரிலேயே திறந்து சுருக்கி அனுப்பும் உலாவி ஒன்றை அவருடைய போனில் நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் விடியற்காலை 3 மணிக்கு, ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை உயர வரைபடத்தைத் திறந்தார். எழுத்துகள் நொடியில் வந்தன. வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் மட்டும் நின்றது. ஒரு கையில் டீசல் கேனும் மறு கையில் போனுமாக என்னை எழுப்பி, "இதுல கடல் எங்கடா?" என்று கேட்டார். அத்தகைய வரைபடம், பக்கத்தோடு வரும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் போனிலேயே ஓடினால்தான் வரையப்படும். சுருக்கி அனுப்பும் முறையில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. என் போனில் முழு உலாவியில் திறந்து காட்ட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அவர் பக்கத்துப் படகுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போய்விட்டார்.

கீழக்கரை எழுதியது:

துபாயில் இருக்கும் மகனுக்கு விமானச் சீட்டுப் பதியும்போது, ஓடிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பியதில் என் பக்கமும் இப்படித்தான் போயிற்று. அவ்வளவுதான் என் கதை. பாம்பன் காக்கா (எங்கள் ஊரில் அண்ணன்) இனிமேலாவது இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

சான்றிதழ்களை முதலிலேயே படமெடுத்து வைத்துக்கொண்டு, படிவத்தில் கேமராவைத் தொடாமல் கோப்பிலிருந்து தேர்ந்தெடுங்கள். கோப்புப் பட்டியலைத் திறக்கக் கேமரா அளவுக்கு நினைவகம் தேவைப்படாது. ஓடிபி வந்தால் திரையை மேலிருந்து கீழே இழுத்து அறிவிப்பிலேயே எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். உலாவியை விட்டு வெளியே போகாதீர்கள். திறந்து கிடக்கும் டேப்களை மூடுங்கள் (நம் ஊரில் டேப்லெட்டும் டேப், உலாவித் தாளும் டேப், "டேப்பை மூடு" என்றதற்கு என் மச்சான் டேப்லெட்டின் உறையை மூடி வைத்தார்). கேஷை (உலாவி போனில் சேமித்து வைப்பதை) நாள்தோறும் அழிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஏனெனில் சேமித்து வைத்த படங்களையும் எழுத்துருக்களையும் அழித்தால் மறுநாள் எல்லாவற்றையும் புதிதாக இறக்க வேண்டியிருக்கும், அதனால் வேகம் குறையத்தான் செய்யும். டேப்லெட் என்பதாலேயே பல தளங்கள் கணினிக்கான கனத்த பக்கத்தை அனுப்புகின்றன. ஐபேடில் 2019 முதல் சஃபாரி அப்படித்தான் கேட்டு வாங்குகிறது. மெனுவில் 'டெஸ்க்டாப் தளம்' என்பதில் உள்ள குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள். செய்தித் தளங்களுக்கு ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸை நிறுவி, அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய போனில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

தங்கச்சிமடம் தம்பி சுருக்கி அனுப்பும் உலாவியை நீக்கிவிட வேண்டாம்; வெறும் எழுத்தைப் படிக்க அது போதும். குரோமிலும் டேட்டாவை மிச்சப்படுத்தும் லைட் முறை இருந்தது, 2022-இல் நிறுத்திவிட்டார்கள்.

பாம்பன் வாசி மீண்டும் எழுதியது:

நான் யோசனை எதுவும் கேட்கவில்லை; காரணத்தைத்தான் கேட்டேன். காரணத்தைச் சொன்ன மண்டபத்து நண்பருக்கு நன்றி. இன்று காலை இரண்டின் அமைப்புகளையும் திறந்து பார்த்தேன்: டேப்லெட்டில் ரேம் 3 ஜிபி, மனைவியின் பழைய போனில் 6 ஜிபி. பரணில் கிடந்த டேப்லெட் பெட்டியையும் எடுத்துப் பார்த்தேன். முகப்பில் 10 அங்குலம் என்று கையளவு எழுத்தில் இருக்கிறது. 3 ஜிபி என்பது அடிப்பக்கத்தில், விலைச் சீட்டுக்குக் கீழே இருந்தது. சீட்டை உரித்த பிறகுதான் தெரிந்தது.